இரத்தத்தைக் கண்டால் மயக்கம்

எங்கள் வீட்டுக்கு வந்து போன எல்லாருக்கும் நான் கணக்கியல் படிக்கப் போகிற பிள்ளை. மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்ட விஷயம் அப்பா, அம்மா, நான், பள்ளிக்கூட அதிபர் ஆகிய நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதிபரின் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பிக்க ஒரு வழி இருந்திருந்தால், அம்மா அந்த மனுசியையும் விலக்கி வைத்திருப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் ஏவன்டேல் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த அப்பா, நியூ லின்னில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். அவருடைய பட்டத்தை ஏற்றுக்கொள்ளலாமா விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் யோசித்து முடித்திருக்கவில்லை. நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம்.

அந்தக் காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் முடித்த கையோடு மருத்துவத்துக்குள் போகலாம். முதலில் மூன்று வருடம் மனித உயிரியல் பட்டம், அதைத் தொடர்ந்து மருத்துவப் பட்டம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அனுமதிதான். பர்சரி என்கிற கடைசி வருடப் பரீட்சை மார்க்ஸ் ஒரு பக்கம், நேர்முகம் ஒரு பக்கம். இடங்களோ கொஞ்சம். முதல் தடவை தவறினால் பிறகு உள்ளே போவது குதிரைக்கொம்பு என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கோ வேறு எதுவும் வேண்டாம்.

அப்போது ஆக்லாந்தில் எங்களுக்கென்று கோயில் கிடையாது. இருந்த சில தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்து வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு வீட்டிலும் பஜனை வைத்தோம். எங்கள் முறை வந்த அன்று சோஃபாவைச் சுவரோடு தள்ளி, கார்பெட்டின் மேல் பெட்ஷீட் விரித்து, பாட்டெல்லாம் முடிந்து, சனம் தேத்தண்ணிக்காகக் காத்திருந்த நேரம். எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு டொக்டர் இருந்தார். அம்மாவை விட ஐந்தாறு வயது இளையவர், அமைதியான மனிதர். அவர் அம்மாவைக் கேட்டார்.

"அக்கா, பிள்ளை சயன்ஸ்தானே படிக்கிறா? மெடிசினுக்குப் போட்டிட்டாவோ?"

நான் வடைத் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். விண்ணப்பம் அந்தக் கிழமைதான் தபாலில் போயிருந்தது.

"ஐயோ தம்பி, மெடிசினோ!" என்று அம்மா சிரித்தார். "இவவுக்கு ரத்தத்தைக் கண்டா மயக்கம். விரல் வெட்டுப்பட்டாலே சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. அக்கவுண்டிங் படிக்கப் போறாவாம். நாங்கள் மெடிசினுக்குப் போடவே இல்லை."

"போட்டிருந்தா நல்லது, அக்கா. இஞ்சத்தை இன்டர்வியூ எங்கடை ஆக்களுக்கு விளங்காது. மார்க்ஸை மட்டும் பாக்க மாட்டினம், ஆளைப் பாப்பினம். ரெண்டு சனிக்கிழமை என்னட்டை வந்தாலே காணும், நான் சொல்லிக் குடுத்திடுவன்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உண்மையோ தங்கச்சி? ரத்தம் பயமோ?"

அம்மாவின் கண் என் மேல் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஓமா இல்லையா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டு. ஆனால் அறையிலிருந்த எல்லாரும் அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டார்கள். வடைத் தட்டை மேசையில் வைத்த வேகத்தில் ஒரு வடை உருண்டு கார்பெட்டில் விழுந்தது.

அடுத்த நாள் காலையில் வீடு இரண்டுபட்டது. "சொல்லித் தாறன் எண்டு வலிய வந்த மனுசனை ஏன் துரத்தினீங்கள்?" என்று கத்தினேன். "எனக்கு இன்டர்வியூவிலை என்ன கேப்பினம் எண்டே தெரியாது. அப்பாக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தர் வீடு தேடி வந்து கேக்கிறார். நீங்கள் எனக்கு மயக்கம் எண்டு கதை விடுறியள்!"

"கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. கைக்கு வரும் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது" என்றார் அம்மா, பருப்பைக் கழுவிக்கொண்டே.

"அந்த மனுசனுக்கு என்ன பொறாமை? அவர்தான் ஏற்கனவே டொக்டராச்சே!"

"பொறாமைப்படுறவனுக்கு நான் பயப்பிடேல்லை. சந்தோஷப்படுறவனுக்குத்தான் பயம். அவன் போய் பத்துப் பேருக்குச் சொல்லுவான். பத்துப் பேரும் ஆவெண்டு பாப்பினம்."

அம்மாவோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் பரம்பரையில் யாரும் கிடையாது. போதாக்குறைக்கு அடுத்த கிழமை டொக்டரின் மனைவி போன் பண்ணி, நியூ லின் மாலில் ஒரு கடைக்குக் கணக்குப் பார்க்கப் பிள்ளை தேடுகிறார்கள், விடுமுறைக்கு உங்கள் மகளை அனுப்புங்கள், பழக்கமாக இருக்கும் என்றார். "பாத்தியே, எவ்வளவு நல்ல சனம்" என்று அம்மா என்னிடம் சொன்னார். அந்த நேரம் என் கையில் ரிசீவர் இருந்திருந்தால் சுவரில் அடித்திருப்பேன்.

ஆனால் அம்மா ஏன் அப்படி ஆனார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கு ஓர் அண்ணா. யாழ்ப்பாணத்தில் அவருக்கு மருத்துவ பீடத்தில் இடம் கிடைத்தபோது அம்மா தெரு முழுவதற்கும் பலகாரம் கொடுத்தார். பால்காரனுக்குச் சொன்னார், பஸ் கொண்டக்டருக்குச் சொன்னார், முன்பின் தெரியாதவர்களுக்கும் சொன்னார். நாட்டில் பிரச்சினை முற்றி, கம்பஸ் திறப்பது தள்ளித் தள்ளிப் போனது. அப்படிக் காத்திருந்த ஒரு காலையில், சிநேகிதனிடம் ஒரு புத்தகம் வாங்கப் போகிறேன் என்று அண்ணா சைக்கிளில் போனார். சந்தியில் ஆமிக்காரர் சுற்றி வளைத்து இளைஞர்களை ட்ரக்கில் ஏற்றியதைச் சிலர் பார்த்திருந்தார்கள். சைக்கிள் மதிலோடு சாய்ந்து நின்றது. அப்பா ஏறாத முகாம் இல்லை, எழுதாத மனு இல்லை. அண்ணா இருக்கிறார் என்றும் எவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை.

தான் வாய் நிறையச் சொல்லித் திரிந்ததால்தான் பிள்ளை போனான் என்று அம்மா நம்பினார். அப்பா அதை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் ஆக்லாந்துக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு தமிழ் அம்மா "எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டார். என் அம்மா கத்தரிக்காயைப் பொறுக்கியபடி, "ஒண்டுதான்" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கத்தரிக்காயைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த ஊரில் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைதான். அண்ணாவின் படம் அம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்குள் இருந்தது.

நேர்முகம் பரீட்சைகள் முடிந்த கையோடு வந்தது. அப்பா தனக்குத் தெரிந்த வகையில் என்னைத் தயார்ப்படுத்தினார். அதாவது வேலை முடிந்து வந்து, சாரத்தோடு கதிரையில் உட்கார்ந்துகொண்டு, "இதயத்துக்கு எத்தினை அறை? ஈரலின்ரை தொழில் என்ன?" என்று கேட்பார். நான் பதில் சொன்னதும், "வெரி குட், நெக்ஸ்ட்" என்பார். இப்படி ஒரு கேள்வியும் அங்கே கேட்க மாட்டார்கள் என்று எனக்குள் ஏதோ சொன்னது. ஆனால் வேறு என்ன கேட்பார்கள் என்று சொல்லக்கூடிய ஆளைத்தான் வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பி வைத்தாயிற்றே.

அன்று அம்மாவும் கூட வந்தார். பஸ்ஸில் வழி முழுக்க அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "போட்டு வா. நான் உள்ளை வரேல்லை, ஆரும் கண்டிடுவினம்" என்றார். அந்தப் பூங்காவில் எங்களைத் தவிர ஒரு கிழவனும் அவனுடைய நாயும்தான் இருந்தார்கள்.

உள்ளே ஒரு நீண்ட நடைபாதை. வரிசையாகக் கதிரைகள். என்னோடு காத்திருந்த பிள்ளைகள் ஒருவரோடொருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்போல இருந்தது. கூப்பிட்டார்கள். போனேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வெள்ளைக்காரப் பேராசிரியை ஒருவர். அவருக்கு வலப்பக்கம் வயதான குடும்ப வைத்தியர் ஒருவர். இடப்பக்கம் எங்கள் டொக்டர்.

வர முடியாமல் போன யாருக்கோ பதிலாக அவரை அந்தக் காலையில்தான் அழைத்திருந்தார்களாம். என் பெயர் அவருடைய தாளில் இருந்துதான் இருக்கும். ஆனால் அது பதிவுப் பெயர். எங்கள் ஆட்களுக்கு என்னை வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டும்தான் தெரியும். என் முகத்தைக் கண்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். கதிரையை எப்படிப் பிடித்து உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் ஆங்கிலத்தில் மற்ற இருவரிடமும் பேசினார். "இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும். அதனால் நான் இந்த அறையில் இருக்கக்கூடாது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் அதுவும் நேர்மையில்லை. சில மாதங்களுக்கு முன்னால் இவருடைய வீட்டில் இவருடைய தாயார் என்னிடம் பேசினார். மகளுக்கு இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும், கணக்கியல்தான் படிக்க விரும்புகிறார், மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்றார். இவரும் அதற்குத் தலையசைத்தார். அதற்கு என்ன விளக்கம் என்பதை இவரே சொல்லட்டும். எது உண்மை என்று எனக்குத் தெரியாது."

அட பாவி மனுசா, வாயை மூடிக்கொண்டு போனால் உன் குடி முழுகிப் போகுமா என்று உள்ளுக்குள் கத்தினேன். அவர் எழுந்தார், கோட்டை எடுத்தார், என்னைப் பார்க்காமல் வெளியே போனார். கதவு மிக மெதுவாகச் சாத்தப்பட்டது.

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "இரத்தத்தைக் கண்டால் உங்களுக்கு மயக்கம் வருமா?" என்று கேட்டார்.

"வராது."

"கணக்கியல் படிக்க விருப்பமா?"

"இல்லவே இல்லை."

"அப்படியென்றால் உங்கள் தாயார்?"

அம்மா வெளியே பெஞ்சில் கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே நான் அவரை முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் காட்டிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் போய்விடும். "அம்மா பொய் சொன்னார்" என்றேன்.

எங்கள் ஆட்கள் ஒரு காரியம் கை கூடும் வரைக்கும் வெளியே சொல்ல மாட்டார்கள், கல்யாணமோ விசாவோ வேலையோ, சொன்னால் கண்பட்டுவிடும் என்று நம்புகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று எனக்கே புரிந்தது. குடும்ப வைத்தியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பெற்றோரின் ஆசைக்காக வந்து உட்காரும் பிள்ளைகளை இந்தக் கதிரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பித்ததையே பெற்றோர் மறுக்கிற பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். "உனக்கு உதவக்கூடிய ஒரு வைத்தியரிடமிருந்தா மறைத்தார்கள்? அப்படி எதற்குப் பயம்?"

கண்பட்டுவிடும் என்று திரும்பவும் சொல்லலாம். மூடநம்பிக்கையுள்ள ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நான் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். இடம் கிடைத்தது, அம்மா ஊருக்கெல்லாம் சொன்னது, சைக்கிள், ட்ரக். ஆக்லாந்துக்கு வந்த பிறகு அண்ணாவைப் பற்றி என் வாய் பேசியது அதுதான் முதல் தடவை. தமிழில் அதை ஒருநாளும் சொல்லி முடித்திருக்க மாட்டேன்.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று பேராசிரியை கேட்டார்.

எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரிடமும் கேட்காத கேள்வி அது. இருக்கிறார் என்றால் பொய்யாகிவிடுமோ, இல்லை என்றால் நானே அண்ணாவைக் கொன்றதாகிவிடுமோ என்று நினைத்தேன். "தெரியாது" என்றேன்.

பிறகு குடும்ப வைத்தியர் மெல்லக் கேட்டார். "அப்படியானால் நீ அண்ணனுடைய இடத்தில் உட்காரத்தான் வந்தாயா?"

அந்தக் கேள்வி நல்ல மனதோடுதான் வந்தது. ஆனால் எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. சொல்ல வேண்டாததையெல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டு, கடைசியில் என் ஆசையையும் என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார்களே! "இல்லை!" என்று கத்தியே விட்டேன். "அண்ணாவின் தவளையை வெட்டினது நான்!"

இரண்டு பேரும் திகைத்துப் போனார்கள். எனக்கு நிறுத்த முடியவில்லை. அண்ணா பள்ளிக்கூடச் செய்முறைக்காக வீட்டு முற்றத்தில் தவளையை மயக்கி, மெழுகுத் தட்டில் குத்தி வைத்து, முதல் வெட்டு வெட்டியதும் அப்படியே சரிந்து விழுந்ததைச் சொன்னேன். நான் அப்போது சின்னப் பிள்ளை. அண்ணாவின் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, கத்தியை நான் எடுத்தேன். அண்ணா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து புத்தகத்தை வாசித்தார். "இதயம் தெரியுதோ?" என்று கேட்டார். "தெரியுது, இன்னும் அடிக்குது" என்றேன். அதற்குப் பிறகு அண்ணாவின் தவளைகள் எல்லாம் என் தவளைகள். ஒவ்வொன்றையும் திறக்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. இதை அண்ணாவுக்கு இடம் கிடைப்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே நான் முடிவு செய்துவிட்டேன், யாருடைய கதிரையும் எனக்கு வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரத்தத்தைக் கண்டால் மயக்கம், விரல் வெட்டுப்பட்டாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. அம்மா வாயில் வந்ததைப் புளுகவில்லை. அன்றைக்கு டொக்டரிடம் அவர் சொன்ன அந்த மயக்கம் அண்ணாவுடையது.

என் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. பேராசிரியை ஒரு டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அப்படி மயங்கி விழுகிறவர் எப்படி வைத்தியராவதாக இருந்தார்?" என்று கேட்டார்.

"பழகிடும் எண்டு சொன்னவர்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியை ஏதோ எழுதினார். நன்றி, போகலாம் என்றார்கள்.

வெளியே அம்மா எழுந்து நின்றார். "என்ன கேட்டவை?"

"ஏன் டொக்டரா வர விருப்பம் எண்டு கேட்டவை."

"ஏன் கண் சிவந்திருக்கு?"

"வெய்யில்."

டொக்டர் உள்ளே இருந்ததை நான் சொல்லவில்லை. அண்ணாவைப் பற்றிச் சொன்னதையும் சொல்லவில்லை. என்ன இருந்தாலும் நான் அம்மா பெற்ற பிள்ளைதானே, மறைக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் உள்ளுக்குள் எரிந்தேன். அழுது, கத்தி, பெற்ற தாயைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில், சேப்பங்கிழங்குக் குவியலுக்கு அந்தப் பக்கம் டொக்டரும் மனைவியும் வந்து நின்றார்கள். அம்மா வாய் கொள்ளாத சிரிப்போடு, "பரீட்சை முடிஞ்சுது, தம்பி. அக்கவுண்டிங்குக்குக் காணும் எண்டு நினைக்கிறன்" என்றார். எங்கே நிறுத்தப் போகிறார்? நான் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் விண்ணப்பித்தது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அங்கே நடந்ததை வெளியே பேச அவருக்கு அனுமதியில்லை என்பதும் தெரியும். அவர் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். "நல்லது, அக்கா" என்றார். குரல் வறண்டிருந்தது. தன்னை முட்டாளாக்குகிறார்கள் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடுத்த பஜனைக்கும் அதற்கடுத்ததற்கும் அவர் வரவில்லை. "டியூட்டி போலை" என்றார் அம்மா.

ஜனவரியில், நல்ல வெயில் காலத்தில், கடிதம் வந்தது. தபால்காரி சைக்கிளை விட்டு இறங்கியதை யன்னலால் பார்த்து ஓடினேன். வாசலிலேயே கிழித்தேன். முதல் வரியைப் படித்தேன். திரும்பப் படித்தேன். பிறகு ஏதோ சத்தம் போட்டேன் போலிருக்கிறது, ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த அப்பா சாரத்தைப் பிடித்தபடி ஓடி வந்தார். வாங்கிப் படித்தார். "பிள்ளை" என்றார். என் தலையைத் தன் நெஞ்சோடு வைத்து அழுத்தினார்.

அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தார். அப்பா கடிதத்தை நீட்டினார். அம்மா அதைத் தொடவில்லை. கதிரையில் உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பயத்தைப் பார்த்து என் சந்தோஷம் பாதியாகப் போனது.

"ஆருக்கும் சொல்லாதை" என்றார். "வகுப்பு துவங்கட்டும். முதல் வருஷம் முடியட்டும்."

"இனி என்னத்தை மறைக்கிறது? எல்லாருக்கும் சொல்லப் போறன்!"

"ஒருத்தன் போதாதோ?" என்று அம்மா கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. "ஒருத்தனைக் குடுத்தது போதாதோ, பிள்ளை?"

அப்பா சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நான் அங்கை சொல்லிட்டன்" என்றேன். "இன்டர்வியூவிலை அண்ணாவைப் பற்றிச் சொல்லிட்டன். டொக்டர் அங்கிள்தான் உள்ளை இருந்தவர். நீங்கள் சொன்ன பொய்யை எனக்கு முன்னாலை வைச்சுக் கேட்டவை. உங்கடை பொய்யாலைதான் எனக்கு இடம் போகப் பாத்தது, அம்மா. சொன்னதாலை போகேல்லை, மறைச்சதாலை போகப் பாத்தது!"

அம்மா ஆடாமல் அசையாமல் இருந்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

"அவர் உள்ளை இருந்தவரோ?"

"இருந்தவர். தெரிஞ்ச குடும்பம் எண்டு சொல்லிட்டு வெளியிலை போயிட்டார். அண்ணாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. மற்ற ரெண்டு பேருக்கும்தான் சொன்னனான்."

"அவை என்ன கேட்டவை, அவனைப் பற்றி?"

"உயிரோடை இருக்கிறாரோ எண்டு கேட்டவை."

அப்பாவின் முதுகு விறைத்தது. அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ என்ன சொன்னனி?"

"தெரியாது எண்டு சொன்னனான்."

வெளியே ஒரு ரயில் போய் முடிந்தது. அம்மா மூச்சை இழுத்து விட்டார். "நல்லது" என்றார். "அப்பிடித்தான் சொல்ல வேணும்."

பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நடையில் இருந்த போனுக்குப் பக்கத்தில் போனார். டொக்டர் வீட்டு நம்பர் அவருக்கு மனப்பாடம். அப்பா, "என்ன செய்யிறீர்?" என்று பதறிக்கொண்டு பின்னால் போனார். அம்மா ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மறுபக்கம் யாரோ எடுத்தார்கள். டொக்டரைக் கேட்டார். அவர் வரும்வரை சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றார். "பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சிருக்கு. இப்பதான் கடிதம் வந்தது."

மறுபக்கம் அவர் ஏதோ சொன்னார். வாழ்த்துத்தான் சொல்லியிருப்பார். அம்மா அதைக் கேட்டு முடிக்கவில்லை. நெற்றியைச் சுவரிலிருந்து எடுத்து, நிமிர்ந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எனக்கு ஒண்டில்லை, தம்பி, ரெண்டு பிள்ளையள். ரெண்டு பேருக்கும் கிடைச்சது."